பன்னிரண்டு மணிக்குப் போகும் கரண்ட்

ஓசூரில் ஒரு கம்பெனியில் இயந்திர பாகங்களுக்கு வரைபடம் போடுகிறேன். லினக்ஸ் கற்றே தீருவது என்ற பிடிவாதத்தில், வார விடுமுறையான ஒரு புதன்கிழமை, என் பழைய லேப்டாப்பில் விண்டோஸோடு அதையும் போட உட்கார்ந்தேன். அதற்காக ஹார்டு டிஸ்க்கைப் பிரிக்கத் தொடங்கினேன். வெளிவேலையாக மூன்று வருடம் நான் வரைந்ததெல்லாம் அதில்தான் இருந்தது. வேறெங்கும் நகல் இல்லை.

பாதி ஓடியிருக்கும். எதிர்வீட்டு மஞ்சுளா அக்கா துணி காயப்போட்டபடியே, "பன்னெண்டு ஆகப்போகுது, மோட்டார் போட்டியா? கரண்ட் போயிடும்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கம்பெனியில் கரண்ட் போனதுமே ஜெனரேட்டர் ஓடத் தொடங்கிவிடும். பகலெல்லாம் அங்கேயே இருக்கும் எனக்கு, எங்கள் தெருவின் இரண்டு மணி நேர மின்வெட்டு நினைவிலேயே இல்லை. லேப்டாப் பேட்டரியோ ஐந்து நிமிடம்தான் தாங்கும். பிரிப்பது நடுவில் நின்றால் எல்லாம் போச்சு.

"அக்கா, உங்க வீட்டு யுபிஎஸ் வேலை செய்யுதா?"

"செய்யுது, ஏன்?"

பதில் சொல்ல நேரமில்லை. சார்ஜரைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு, ஓடிக்கொண்டிருந்த லேப்டாப்பை ஆடாமல் ஏந்தித் தெருவைக் கடந்தேன். "அய்யோ தேவரே, மெல்ல வா!" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டபடியே அக்கா டிவி பிளக்கைக் கழற்றி இடம் கொடுத்தார். சொருகிய சற்று நேரத்தில் தெருவே அடங்கியது. திரையில் கோடு மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது.

லினக்ஸையும் போட்டு முடித்துவிட்டுத்தான் அங்கிருந்து எழுந்தேன்.

இப்போதெல்லாம் ஹார்டு டிஸ்க்கைத் தொடும் முன் வரைபடங்களை இரண்டு சிடிகளில் எழுதிவிடுகிறேன். ஒன்று என் பீரோவில். இன்னொன்று, அன்று சீரியலைக்கூட விட்டுக்கொடுத்த அக்காவின் டிவி மேல்.