ஜரிகை ஏரியல்

நான் வேன் ஓட்டுகிறேன். என் அக்கா முன்சீட்டில் உட்கார்ந்து, கோயில் பார்க்க வரும் வெளியூர்க்காரர்களுக்கு மைக்கில் கதை சொல்கிறாள். ஐந்தாவதோடு நின்றுவிட்ட எனக்குத் தெரிந்த சரித்திரமெல்லாம் வண்டி ஓட்டிக்கொண்டே அவளிடம் கேட்டதுதான்.

தொண்டையில் ஆபரேஷன் ஆன பிறகு அக்காவின் குரல் இறங்கிவிட்டது. கூட்டத்தில் நின்று உரக்கப் பேச முடியாது. அதனால் போகிற வழியிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள். ஆள் அதிகமானால் இரண்டு வேன் போகும். பின்வண்டியின் ரேடியோவிலும் அவள் பேச்சு கேட்கட்டும் என்று, சின்ன எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் ஒன்றை வாங்கி என் வண்டியில் மாட்டினேன். போய்ச் சேர்ந்ததெல்லாம் இரைச்சல்தான். இன்னொரு டிரிப்பிலும் இப்படியே என்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாக முதலாளி சொல்லிவிட்டார். முன்பு நெய்துகொண்டிருந்த தறிக்குத் திரும்ப அக்காவின் முதுகு இடம் கொடுக்காது.

ஏரியல் நீளமாக இருந்தால் தூரம் போகும் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டில் மிச்சமான ஜரிகையை வாங்கித் திரித்து, கூரை மேல் இருக்கும் கேரியர் முழுக்கச் சுற்றினேன். ஜரிகையிலும் உலோகம் இருக்கிறதே. டிரான்ஸ்மிட்டர் பெட்டி தொட முடியாமல் சுட்டது. இரைச்சல் இன்னும் கூடியது.

அப்படியேதான் திருமுக்கூடலுக்குப் போனோம். இறங்கியதும் பின்வண்டியிலிருந்து ஒரு அம்மா என்னிடம் வந்தார். என் வயதுதான் இருக்கும்.

“உங்க அக்கா பேசறது எங்க வண்டியில வடை சுடற சத்தமா கேக்குதுங்க.”

அக்காதான் பதில் சொன்னாள். “அவன் பேசமாட்டாம்மா. ஜரிகைல ஏரியல் கட்டிக்கினு வந்துகிறான், நீங்களே பாருங்க.”

அவர் சிரித்தார். ஒரு வானொலி நிலையத்தில் டவர் வேலை பார்ப்பவராம். மற்றவர்கள் கோயிலுக்குள் போக, இவர் புடவையைச் செருகிக்கொண்டு வண்டி ஏணியில் ஏறினார்.

பெட்டி, கேபிள், ஏரியல் மூன்றுக்கும் இம்பீடன்ஸ் என்கிற மின்தடை அளவு ஒத்துப்போக வேண்டுமாம். இல்லாவிட்டால் அனுப்பிய சக்தி வெளியே போகாமல் திரும்பி வந்து பெட்டியையே சுடுமாம். நீளம் கூடினால் நல்லது என்பதில்லை, அலைக்கேற்ற அளவு வேண்டும் என்றார்.

“புடவைல கரையும் நல்லாகீது, உடலும் நல்லாகீது, ரெண்டையும் இணைக்கிற கோர்வை சேரல. அதானேம்மா?” என்றாள் அக்கா.

“அதேதான்.”

ஜரிகையை அவிழ்த்தோம். பெட்டியோடு வந்த கேபிள் குட்டை என்று நான் டிவி கேபிள் போட்டிருந்தேன். அதைக் கழற்றிப் பழையதையே மாட்டச் சொன்னார். கூரையில் கொஞ்சம் பெயின்ட்டைச் சுரண்டி, கேபிளின் வெளிவலையைத் தகரத்தோடு சேர்த்து முடுக்கினோம். முக்கால் மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகச் செம்புக் கம்பி வெட்டி நிமிர்த்தி நிறுத்தினார். பின்வண்டியைத் தூரமாக அனுப்பிவிட்டு, அக்காவை மைக்கில் பேசச் சொல்லி, கம்பியின் நுனியை விரற்கடை விரற்கடையாக வெட்டினார். ஒவ்வொரு வெட்டுக்கும் நான் அந்த டிரைவரிடம் போனில் ஸ்பீக்கர் போட்டுக் கேட்டேன். இரைச்சல் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் அவன் சொன்னான்: “உங்க அக்கா வெயில திட்டிக்கினு இருக்கறதுகூட கேக்குதுபா.”

அக்கா சட்டென்று மைக்கை மூடினாள்.

அதற்குள் எல்லோரும் திரும்பிவிட்டார்கள். கிளம்ப வேண்டிய நேரம். அந்த அம்மா கோயிலுக்குள் காலே வைக்கவில்லை. அதை அவரிடம் சொல்லி வருத்தப்பட எனக்கு வாய் வரவில்லை, அக்காவிடம் சொன்னேன். வண்டி ரோட்டுக்கு வந்ததும் அவள் மைக்கை எடுத்தாள்.

“பின்வண்டில ஒரு அம்மா எங்களுக்காக வெயில்ல நின்னாங்க, கோயில பாக்கல. அவங்களுக்காக இன்னொரு தபா சொல்றேன்.”

மூன்று ஆறு சேரும் இடம், வாசல், தூண், சோழர் காலத்தில் அங்கே ஆஸ்பத்திரி நடந்ததைச் சொல்லும் கல்வெட்டு என்று கையைப் பிடித்து அழைத்துப் போவதுபோல் மெதுவாகச் சொன்னாள். ஏற்கெனவே கேட்டிருந்தவர்களும் பேசாமல் கேட்டார்கள்.

ஐயம்பேட்டையில் நெரிசல். பின்வண்டி எங்கள் பக்கத்தில் வந்து நின்றது. அதன் ஜன்னல் வழியாக அக்காவின் குரல் என் காதுக்குத் திரும்பி வந்தது, கொஞ்சமும் இரையாமல். அந்த அம்மா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துக் கும்பிட்டேன். அவர் பார்க்கவில்லை.