பாஸ்டர் ஞானமுத்து யார் தலையில் கை வைத்தார்?

செய்தி வந்தபோது சாயப்பட்டறையில் கொதிக்கும் அண்டாவில் பட்டுநூலை முக்கிக்கொண்டிருந்தேன். "அப்பா கர்த்தருக்குள்ள நித்திரையாயிட்டாரு அண்ணே" என்றான் தானியேல், பாஸ்டர் ஞானமுத்துவின் மகன். நான் மூக்கைத் துடைப்பதற்குள், "சபைய இனிமே நான்தான பாத்துக்கணும்?" என்றும் கேட்டான். செவிலிமேட்டில் அந்தச் சபைக்கு நான் மூப்பர், பாஸ்டருக்கு அடுத்து நிற்பவன்.

அடக்க ஆராதனைக்கு வந்த எல்லோரும் பார்த்தார்கள். பெயருக்கு முன்னால் 'அப்போஸ்தலர்' போட்டுக்கொள்ளும் சென்னை ஊழியர் மைக்கைப் பிடித்தார். "ஆஸ்பத்திரியில ஐயா என் தலையில கை வச்சு இந்தச் சபைய ஒப்படைச்சாரு" என்றார். "என் தலையிலயும்தான் வச்சாரு" என்றான் தானியேல். ஆஸ்பத்திரியில் ஐயா யாரைத்தான் விட்டார்? ஊசி போட்ட நர்ஸ், இட்லி வாங்கி வந்த ஆட்டோக்காரர், பக்கத்துக் கட்டிலில் நாமத்தோடு படுத்திருந்த கூரத்து விவசாயி, எல்லோர் தலையிலும் கை வைத்து ஆசீர்வதித்தார். எங்களிடம் ஊழியப் பொறுப்பைக் கொடுப்பதும் தலையில் கை வைத்துத்தான். எது ஆசீர்வாதம், எது பொறுப்பு என்று சொல்லாமலே போய்விட்டார்.

உங்களுக்குப் பிறகு சபை யாருக்கு என்று எத்தனையோ முறை கேட்டேன். "அப்போஸ்தலர் பட்டமெல்லாம் இயேசு கூட இருந்த அந்தப் பன்னெண்டு பேரோட முடிஞ்சுதுபா. என் கையில என்னா கரண்டா ஓடுது, அடுத்தவனுக்குக் குடுக்க?" என்பார்.

"பவுல் அப்போஸ்தலருக்கே அனனியா கை வச்சாரே ஐயா."

"அனனியா என்னா அப்போஸ்தலனா? சாதாரண சீஷன்பா."

"சரி, பன்னெண்டுல ஒரு எடம் காலியானப்ப மத்தியாவச் சீட்டுப் போட்டாவது எடுத்தாங்க. நீங்க அதுவாச்சும் பண்ணுங்க."

சிரித்துவிட்டு இன்னொரு டீ சொன்னார். பதில் சொல்ல விருப்பமில்லாத கேள்விக்கெல்லாம் அவர் டீதான் சொல்வார்.

இப்போது சபைக் கதவில் ஆளுக்கொன்றாகப் போட்ட இரண்டு பூட்டு தொங்குகிறது. போன ஞாயிறு பாதிப் பேர் தானியேல் வீட்டு மாடிக்கும் பாதிப் பேர் சென்னைக்காரர் பிடித்த மண்டபத்துக்கும் போனார்கள். திருவிருந்து இரண்டு இடத்திலும் நடக்கவில்லை. யார் அப்பம் பிட்பது என்று யாருக்கும் தெரியவில்லை. ஐயா, உங்கள்மேல் எனக்குக் கோபம். செத்தவரைத் திட்டக்கூடாது என்பார்கள், திட்டத்தான் தோன்றுகிறது.

கடைசியாகப் பார்க்கப் போனபோது அவருக்குக் காய்ச்சல் கொதித்தது. இன்றாவது ஒரு பெயர் சொல்வார் என்று குனிந்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, என் கையைத் தன் தலையில் வைத்துக்கொண்டார். "எனக்கு நீ ஜெபம் பண்ணுபா."

"சாயக் கை ஐயா."

"ஒட்டுனா ஒட்டிக்கினு போவுது."

பாஸ்டர் தலையில் மூப்பர் கை வைத்து நான் எங்கும் பார்த்ததில்லை. வாய் குழறிக் குழறி ஜெபித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஆமென் சொன்னார்.

நேற்று சமாதானம் பேசப் போன இடத்தில் இதைச் சொன்னேன். தானியேலும் சென்னைக்காரரும் முதல்முறையாக ஒன்று சேர்ந்து என்னை முறைத்தார்கள். "அப்ப நீங்களும் சபையக் கேக்குறீங்களா அண்ணே?" என்றான் தானியேல்.

நான் கேட்கவில்லை. சபையை யார் வேண்டுமானாலும் நடத்தட்டும், கதவைத் திறந்தால் போதும். அந்தத் தலையின் சூடு மட்டும் என் உள்ளங்கையில் இருக்கிறது. அதை நான் யாருக்கும் கொடுப்பதாக இல்லை.