இராகு காலத்துக்கு முன் பறந்த விமானம்

எங்கள் ஊர் விமான நிலையத்தில் பயணிகள் ஒப்புக்குத்தான். பகல் முழுவதும் அங்கே படைக்காரர் விமானம் ஓட்டப் பழகுவார்கள். இறங்குவார்கள், சக்கரம் தரையில் முட்டியதும் மறுபடி எழும்புவார்கள். அவர்களுடைய விளையாட்டு முடியும்வரை காசு கொடுத்தவர்கள் வியர்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

அண்ணை படிப்புக்காக லண்டன் புறப்பட்டது ஒரு புதன்கிழமை. முதலில் கொழும்புக்கு விமானம். வழியனுப்ப இரண்டு கார்களில் பதினான்கு பேர் போனோம். தலைமை தாங்கியவர் மாமா. ஒருநாளும் விமானம் ஏறாதவர். ஆனால் விமானத்தைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. பன்னிரண்டு மணிக்கு இராகு காலம், அதற்குள் அண்ணை பறந்துவிட வேண்டும் என்று கட்டளை போட்டிருந்தார். அதை விமானிக்கும் யாரோ சொல்லியிருப்பார்கள் என்ற நினைப்பு அவருக்கு.

அம்மாவுக்கு ஒரே ஆசை. மகன் பறக்கும்போது கை காட்ட வேண்டும், அதை அவன் காணவேண்டும். மூன்று நாளாக வேறு கதையே இல்லை.

அண்ணையை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார்கள். நாங்கள் வெளியே கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பன்னிரண்டுக்குச் சற்று முன் ஒரு விமானம் ஓடத் தொடங்கியது.

"உதுதான்! நல்ல நேரத்திலை எழும்புது," என்றார் மாமா.

பதினான்கு பேரும் கை காட்டினோம். அம்மா சேலைத் தலைப்பை வீசி வீசி அழுதா.

"பிள்ளை என்னைக் கண்டவனோ?"

"ஓம், ஓம். இரண்டாம் யன்னல். கையும் காட்டினவன்," என்றார் மாமா.

வழியனுப்பியவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு முறை. நேரே காரில் ஏறினோம். பாதி வழியில் இன்னொரு விமானம் தலைக்கு மேலே இரைந்துகொண்டு போனது. அம்மா எட்டிப் பார்க்கப் போனா.

"பாராதை, சகுனம் பிழைச்சுப் போகும். உது பழகிற பெடியள்," என்று மாமா தடுத்தார்.

மாதம் ஒன்று கழித்து அண்ணையின் கடிதம் வந்தது. அம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது, நான்தான் வாசித்தேன். நடுவில் இப்படி எழுதியிருந்தார்: "நான் இன்னும் உள்ளேதான் இருந்தேன். பழகுகிறவர்களின் விமானத்துக்கு நீங்கள் எல்லோரும் கை காட்டி அழுததைக் கண்ணாடியால் பார்த்தேன். கதவைத் தட்டினேன், காவல்காரன் விடவில்லை. பிறகு மேலேயிருந்து இரண்டு கார்களையும் கண்டேன். ஏன் அம்மா நிற்காமல் போனா?"

எனக்கு மாமாவின் கழுத்தை நெரிக்க வேண்டும்போல் இருந்தது. அவர் பக்கத்தில் இருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏன் நிப்பாட்டிப்போட்டாய்? நான் கை காட்டினதைக் கண்டவனாமோ?" என்று கேட்டா அம்மா.

"ஓம் அம்மா, கண்டவராம்," என்றேன்.

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அதுதான் இன்றைக்கும் என்னைச் சுடுகிறது.