பெரியப்பா வீட்டில் வைத்த பெட்டி

பெரியப்பா, அண்ணன் குடித்துவிட்டு விழுந்து சாகவில்லை. அது உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் சாவு வீட்டுக்கு வந்தவர்களிடம் அப்படிச் சொன்னீர்கள்.

முதலாம் ஆண்டு நினைவு மலரை இப்படி ஆரம்பிக்கக் கூடாது என்று அம்மா சொன்னார். பிறப்பு, படிப்பு, குணம் என்று முறையாக எழுது என்றார். அதையும் எழுதுகிறேன்.

அண்ணன் உத்திரமேரூரில் பிறந்தார். நான் அவருக்கு ஏழு வயது இளையவள். அவர் பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம் படிக்கும்போது அப்பா தவறிவிட்டார். அதே வருடம் வகுப்பிலேயே அண்ணனுக்கு முதல் முறையாக வலிப்பு வந்தது. படிப்பு நின்றது. வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் பைக்கையும் விட்டார். அதன் பிறகு கழனிக்கு நடந்தேதான் போவார். நெல்லும் வேர்க்கடலையும் போட்டு அம்மாவையும் என்னையும் காப்பாற்றினார். என்னைப் பொறியியல் படிக்கவைத்தார்.

வலிப்பு என்று எழுதிவிட்டேன். இந்தக் குடும்பத்தில் யாரும் இதுவரை வெளியே சொல்லாத வார்த்தை அது. மாத்திரை சாப்பிட ஆரம்பித்த பிறகு அண்ணனுக்கு ஒரு தடவைகூட வரவில்லை. ஆனால் வீட்டுக்கு வருகிறவர்கள் கண்ணில் அந்த மாத்திரை படக் கூடாது என்று பெரியப்பா சொல்லியிருந்தார். அதனால் அட்டையிலிருந்து பிரித்து ஒரு பழைய டப்பாவில் போட்டு, சுக்குத்தூள் டப்பா, ஓம டப்பாவோடு அலமாரியில் வைத்திருந்தோம். கோயில் திருவிழாவில் கூட்டாளிகள் குடிக்கக் கூப்பிட்டால், மாத்திரைக்கு ஆகாது என்று அண்ணனால் சொல்ல முடியாது. "வேண்டுதல் கீதுப்பா" என்று சொல்லி நழுவிவிடுவார். அவரைத்தான் குடிகாரர் என்கிறீர்கள்.

போன வருடம் எனக்கு அயர்லாந்தில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்தது. முதல் தடவை விசா மறுத்துவிட்டார்கள். இரண்டாம் தடவைதான் வந்தது. அதிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் எதைத் தொட்டாலும் பயம். சென்னையைத் தாண்டிப் போகாத எனக்குத்தான் பயம் அதிகம். மூன்று நாள் பெட்டி அடுக்கினோம். இருபத்து மூன்று கிலோவுக்கு மேல் போகக் கூடாது. நெல் மூட்டை நிறுக்கும் கொக்கித் தராசைக் கொண்டுவந்து அண்ணன் பெட்டியை மாட்டினார்.

"இருபத்தாறு கீது பாப்பா. குக்கரை எறக்கிடலாமா?"

"குக்கர் இல்லாம அவ அங்க இன்னாத்த துண்ணுவா? ஸ்வெட்டரை எடு" என்றார் அம்மா.

"அப்ப குளுர்ல வெறச்சிப்போய் குக்கரைக் கட்டிப் புடிச்சிக்கினு படுத்துப்பாளா? கருவாடு வேற கட்டி வெச்சிக்கீற. ஏர்போர்ட்டு நாய் மோந்துகினே இவ பின்னால அயர்லாந்து வரிக்கும் போவும், பாரு."

மருந்து எடுத்துவரச் சொல்லிக் கல்லூரியிலிருந்து பட்டியல் வந்திருந்தது. அலமாரியில் இருப்பதையெல்லாம் போட்டுவிடு என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா அவசரத்தில் திறந்து பார்க்காமல் டப்பாக்களை ஒரு துணிப்பையில் போட்டு, துண்டில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டார். போடச் சொன்னவள் நான்.

விமானம் வியாழக்கிழமை. அன்றைக்கு நவமி. புறப்படும் நாள் சரியில்லை என்றால், முன்னாலேயே நல்ல நேரத்தில் சாமானை வேறு வீட்டில் கொண்டுபோய் வைப்பது நம் வழக்கம். அப்படி வைத்தால் பயணம் அன்றே தொடங்கிவிட்டது என்று கணக்கு. திங்கட்கிழமை காலையில் பெட்டி பெரியப்பா வீட்டுக்குப் போனது.

"பெட்டி வாசப்படி தாண்டிட்ச்சி. இனிமே அதைத் தொறக்கவும் கூடாது, இந்த வூட்டுக்குத் திருப்பி எடுத்தாரவும் கூடாது" என்றார் பெரியப்பா.

அன்று சாயங்காலம் அண்ணன் என்னிடம் வந்தார். வழியனுப்ப வந்த சொந்தக்காரர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"பாப்பா, உன் பெட்டில என் சாமான் ஒண்ணு போயிட்ச்சி. தொறக்கணுமே."

"ஐயோ, வாணாண்ணா. போன தபா மாதிரி எதனா ஆயிட்டா? எனக்கு பயமா கீது."

என்ன சாமான் என்று நான் கேட்கவில்லை. அண்ணன் சிரித்தார்.

"சரியான பயந்தாங்கொள்ளி நீ. இரு, பெரிப்பாவ கேட்டுக்கினு வரேன்."

அரை மணி நேரம் கழித்து வெறுங்கையோடு வந்தார்.

"இன்னாண்ணா சொன்னாரு?"

"ஒண்ணுமில்ல, உடு. நீ போனப்புறம் வாங்கிக்கிறேன்."

அந்த மாத்திரையை டாக்டர் சீட்டு இல்லாமல் கடையில் தரமாட்டார்கள். வியாழக்கிழமை என்னை ஏற்றிவிட்டு டாக்டரிடம் போகலாம் என்று இருந்திருப்பார். புதன்கிழமை காலையில் மோட்டார் போடப் போனவர் வாய்க்காலில் குப்புற விழுந்து கிடந்தார். அரை அடித் தண்ணீர்தான். பக்கத்துக் கழனி ஏழுமலை தூக்கிக்கொண்டு ஓடியும் பயனில்லை. ஆஸ்பத்திரியில் வலிப்பு விஷயத்தைச் சொன்னதும் அங்கிருந்த டாக்டர் அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: "மாத்திரையை விடாமல் சாப்பிட்டாரா?"

அம்மாவுக்குத்தான் முதலில் புரிந்தது. பெரியப்பா வீட்டுக்கு ஓடிப் பெட்டியைத் திறந்தோம். துண்டுக்குள் அந்த டப்பா இருந்தது. பெரியப்பா பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானம் பந்தலில், "பசங்களோட சேந்து குடிச்சிருப்பான், தடுக்கி வுயுந்துட்டான்" என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. ஏன் இப்படிச் சொன்னீர்கள் என்று அம்மா அழுதுகொண்டே கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இது: "குடின்னா நாலு நாள்ல மறந்துடுவானுங்க. ஃபிட்ஸுன்னா இந்தப் பொண்ண எவன் கட்டுவான்?"

நாலு நாளில் யாரும் மறக்கவில்லை. ஒரு வருடமாக டீக்கடையிலும் பஸ்ஸிலும் அதையே கேட்கிறேன்.

கல்லூரியில் என் இடத்தை வைத்திருந்து மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். அடுத்த வாரம் பயணம். அதே பெட்டிதான். பயத்தில் என்னால் அதை மூட முடியவில்லை. இதுவரை நாலு தடவை எல்லாவற்றையும் வெளியே கொட்டிப் பார்த்துவிட்டேன், இன்னொருவர் உயிருக்கு வேண்டியது ஏதாவது உள்ளே போய்விட்டதா என்று. அம்மாவின் பிரஷர் மாத்திரை அலமாரியில் இருக்கிறதா என்று போய்ப் போய்ப் பார்க்கிறேன். தனியாக விட்டுப் போகிறேனே என்று பயம். எல்லாவற்றையும் விட இன்னொரு பயம் பெரியது. நான் திரும்பி வரும்போது, இந்த ஊரில் அண்ணன் என்றால் வாய்க்காலில் விழுந்த குடிகாரர் என்று மட்டும்தான் மிச்சம் இருக்கும்.

அண்ணனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடிய ஏழுமலைக்கும், பதினாறு நாளும் எங்களைப் பட்டினி போடாமல் பார்த்துக்கொண்ட தெருக்காரர்களுக்கும், கேட்க வேண்டியதை நேராகக் கேட்ட அந்த டாக்டர் அம்மாவுக்கும் நானும் அம்மாவும் நன்றி சொல்கிறோம்.

பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று அண்ணனிடம் முதலில் சொன்னவள் நான். அதை அச்சில் போட்டுவிட்டேன். இதைப் படிக்கிறவர்கள் என்னை என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் பெரியப்பா, உங்கள் வீட்டில் அந்த அரை மணி நேரம் நடந்தது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். இன்று படையல் முடிந்ததும் எல்லோரும் பந்தலில்தான் இருப்பார்கள். அவர்கள் முன்னால் எழுந்து நின்று சொல்லுங்கள் பெரியப்பா. அண்ணன் உங்களிடம் மாத்திரை என்று சொல்லிக் கேட்டாரா, இல்லையா?