அக்கா பார்த்த படம்

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேசவே கூசுவேன். அப்படிப்பட்டவன் ஒரு சினிமாவைப் பற்றி, அதிலும் அந்த மாதிரி சினிமாவைப் பற்றி எழுத உட்கார்ந்ததைப் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். சொல்ல வேறு ஆள் இல்லை.

இடஒதுக்கீடு கேட்டு ரோட்டை மறித்துக்கொண்டிருந்த காலம். மணலூர்பேட்டைப் பக்கம் கட்டிக்கொடுத்த என் அக்கா, அதற்கு ஒரு வாரம் முன்பே வாழாமல் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். காரணம் ஒரு படம். மலையாளத்திலிருந்து தமிழுக்கு மாற்றிய படம். சுவரொட்டியில் அழுகிற பெண்ணைப் பார்த்துக் குடும்பக் கதை என்று நினைத்து, பக்கத்து வீட்டுப் பெண்களோடு சங்கராபுரத்தில் மேட்னி ஆட்டம் போயிருக்கிறாள். கண் வீங்கித் திரும்பியவளை மாமியார் என்னவென்று கேட்க, படத்தின் பேரைச் சொல்லிவிட்டாள். அக்கா புருஷன், எங்கள் மாமா, அதே படத்தை முந்தின வாரம் சிநேகிதர்களோடு இரண்டாவது ஆட்டம் பார்த்திருந்தார். அன்றைக்கே அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டார்.

"அதுல அசிங்கம் ஒண்ணுமில்லடா" என்று அக்கா சொன்னாள். மாமாவோ வாயில் சொல்ல முடியாத காட்சிகள் என்றார். யார் சொல்வது நிஜம் என்று நானே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

பஸ் ஓடவில்லை. ரோட்டில் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். சைக்கிளைத் தூக்கித் தூக்கித் தாண்டிப் போனேன். தியேட்டரில் பெண்கள் பக்கம் காலி. ஆண்கள் பக்கம் உள்ளூர்க்காரர்கள் கொஞ்சம் பேர். நான் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தேன்.

தோட்டத்தில் கூலி வேலை செய்யும் பெண் ஒருத்தி, லாரி டிரைவர் ஒருவன். படத்தில் வந்த மலை எங்கள் கரியாலூர் மலை மாதிரியே இருந்தது. ஓர் இடத்தில் முத்தம் கொடுத்துக்கொண்டார்கள். ஓர் அறையில் இருவரும் ஒன்றாகப் படுத்திருந்தார்கள். அவள் முதுகு தெரிந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் அதன் பிறகு அவளுடைய ஈரத்தலையை அவன் உட்கார்ந்து சீவிவிட்டான். சிக்கு விழுந்த இடத்தில் வலிக்கிறதா என்று கேட்டான். எனக்குக் கண் கலங்கியது.

"டேய், பிட்டு எங்கடா? துட்டு குடுத்தது தல சீவுறத பாக்கவா?" என்று ஒருவன் கத்தினான். விசில் பறந்தது.

வெளியே வந்ததும் பிட்டு என்றால் என்னவென்று டிக்கெட் கிழிப்பவரை மெதுவாகக் கேட்டேன்.

"அதுவா? கண்ட கண்ட இங்கிலீஷ் பட துண்டு. நடுவுல ஒட்டி வுடறதுதான். கள்ளக்குறிச்சிலேர்ந்து பஸ்ல வரும். ரோட்ட மறிச்சிக்கினு இருக்கானுங்களே, எப்டி வரும்?"

"மேட்னியிலயும் ஓட்டுவீங்களா?"

"பொம்பளைங்க வந்தா ஓட்ட மாட்டோம். இப்ப எவ வரா?"

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாமா பார்த்தது வேறு, அக்கா பார்த்தது வேறு. இதைச் சொன்னால் போதும், அவளை அழைத்துக்கொள்வார். அங்கிருந்து நேராக மாமா வீட்டுக்குச் சைக்கிளை மிதித்தேன்.

"இன்னாடா மச்சான், மரம்லாம் தாண்டிக்கினு வந்துட்ட? அக்கா தூது அனுப்பிச்சாளா?" என்றார் மாமா.

திக்கித் திணறி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மனம் இளகுகிறது என்றுதான் நினைத்தேன். அப்போது உள்ளேயிருந்து அவர் அம்மா வந்தாள்.

"அப்போ அதுல ஒண்ணுமே இல்லியா? உங்கம்மா மேல சத்தியம் பண்ணி சொல்லு."

"ஒரு முத்தம் இருக்குதுங்க அத்த. ரெண்டு பேரும் ஒண்ணா படுத்திருப்பாங்க. ஆனா அசிங்கமா இல்லீங்க. பாத்தா அழுகதான் வருது."

"கேட்டுக்கோடா, குடும்பமே அழுவுது" என்றாள் அத்தை.

மாமா சிரிக்கவில்லை. "அந்தப் பிட்ட பாத்திருந்தா மூஞ்சிய மூடிக்கினு எழுந்து வந்திருப்பா. இவ எவனோ ஒருத்தன நெனச்சி கடைசி வரிக்கும் வுக்காந்து அழுதிருக்கா. அதுதாண்டா ஜாஸ்தி. நான் என்னிக்கு அவளுக்குத் தல சீவி வுட்டேன்? இனிமே என் மூஞ்சியப் பாத்தா அவளுக்கு இன்னா தோணும்?"

சைக்கிளைத் திருப்பிக்கொண்டு கிளம்பினேன். படத்தில் கெட்டது இருந்திருந்தால் அவர் மன்னித்திருப்பார் போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்து, படம் பார்த்ததையும் மாமா வீட்டுக்குப் போனதையும் சொன்னேன். மாமா என்ன சொன்னார் என்று அக்கா கேட்கவில்லை. என் முகத்திலேயே தெரிந்திருக்கும்.

"தல சீவி வுடுற எடம் பாத்தியா?" என்று மட்டும் கேட்டாள்.

"பாத்தேன்க்கா."

"நல்லா இருந்துச்சி இல்ல?"

தலையாட்டினேன். அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் மரங்களை அப்புறப்படுத்தி பஸ் விட்டார்கள். முதல் பஸ்ஸிலேயே மாமா வீட்டிலிருந்து அக்காவின் துணிப்பெட்டியைப் போட்டு அனுப்பியிருந்தார்கள். கண்டக்டர் இறக்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.