இன்னொருவருக்கும் இடம் விட்ட கேமரா

இது நிஜமாக நடந்தது. மதியம் இரண்டு மணிக்கு நடந்தது. பேய்க்கு அது தோதான நேரம் இல்லை என்று எனக்கும் தெரியும். கதை கட்டுகிறவனாக இருந்தால் நள்ளிரவு என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன்.

நடந்தது என் மாப்பிள்ளைக்கு. மகளைக் கட்டியவர் என்பதால் மரியாதையாகவே சொல்கிறேன். கட்டிடங்களின் லிஃப்டைச் சோதித்துச் சான்றிதழ் கொடுப்பது அவர் தொழில். மேசைக் கம்ப்யூட்டரை விற்றுத் தலைமுழுகிவிட்டு, மூன்று வருடமாக ஒரு டேப்லெட்டோடு குடித்தனம் நடத்தினார். அதற்கு ஒரு ஸ்டாண்டு, ஒட்டிக்கொள்ளும் கீபோர்டு, மவுஸ், எழுதப் பேனா. "சிலேட்டு சௌக்கியமா மாப்ளே?" என்று கேட்டால், "உங்களவிட நல்லா வேலை செய்யுது மாமா" என்பார். எங்கள் உறவு அப்படி.

வேலை சுலபமாகிவிட்டது. போன வருட அறிக்கையைத் திறப்பார், தேதியை மாற்றுவார், பேனாவால் கையெழுத்துப் போடுவார். சோபாவை விட்டு எழ வேண்டியதில்லை. ஒன்பது மாடிக் கட்டிடம் ஒன்றுக்கும் அப்படியே கொடுத்தார். பத்தொன்பதாம் நாள், லிஃப்டுக்கு அடியிலுள்ள குழியில் இறங்கி வேலை பார்த்த மெக்கானிக் மேல் பெட்டி வந்து உட்கார்ந்தது. விடுமுறை நாள். சாயங்காலம்தான் பார்த்தார்கள். விழுந்த நொடியிலேயே உயிர் போய்விட்டது என்று டாக்டர் எழுதினார்.

வீடியோவில் விசாரணை. குழியில் இறங்காமல் சான்றிதழ் கொடுத்தது தெரிந்தால் லைசென்ஸ் போகும், ஜெயிலும் உண்டு. இறங்கினேன் என்றே சாதிப்பதாக முடிவுசெய்து, மாப்பிள்ளை அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்த டேப்லெட்டின் கேமராவுக்கு ஒரு குணம் உண்டு. எதிரே இருப்பவர் முகத்தைத் தானே நடுவில் வைத்துக்கொள்ளும். பக்கத்தில் இன்னொருவர் வந்தால், படம் விரிந்து அவருக்கும் இடம் விடும்.

2.04. படம் மெதுவாக விரிந்தது. இடது பக்கம் பீரோ வரை தெரிந்தது. பீரோ முன்னால் யாருமில்லை.

விசாரணை அதிகாரி ஒரு அம்மாள். சிரிக்காத முகம். "கூட யாரு? வெளிய போகச் சொல்லுங்க" என்றார்.

"மாமா, உள்ள வராதீங்க" என்று மாப்பிள்ளை கத்தினார். நான் ஹாலில் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். அதையே பதிலாகச் சொன்னேன்.

2.11. "குழிக்குள்ள இறங்கினீங்களா?"

"இறங்கினேன் மேடம்."

படம் ஒரு சுற்று சுருங்கியது. பீரோ மறைந்தது. ஆனால் இடது பக்கம் இடம் விட்டபடியே... சற்றுக் குறைவாக.

வந்தவர் போகவில்லை. கிட்டே வருகிறார்.

2.15. "அடியில எல்லாம் சரியா இருந்துச்சா?"

"இருந்துச்சு மேடம்."

இன்னும் சுருங்கியது. கிரீஸ் வாடை. மேசைக்கு அடியில் இரும்பை இரும்பால் தட்டும் சத்தம். டங்... டங்...

2.18. கீபோர்டைத் தட்டினார். வேலை செய்யவில்லை. மவுஸின் அம்பு அசையவில்லை.

டங்...

2.20. படத்தில் அவர் முகம் மட்டும். நட்டநடுவில்.

"இப்ப சரி. ஒருத்தர்தான் தெரியறீங்க" என்றார் அம்மாள்.

மாப்பிள்ளைக்குப் புரிந்துவிட்டது.

இனி இடம் விடத் தேவையில்லை.

பட்டனை அழுத்தி அணைத்தார். திரை கறுத்தது. ஓடிவந்து சோபாவில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்தவர், நான்கு மணி வரை இறங்கவில்லை. அவர் ஓடிவந்தபோதே சுவர்க் கடிகாரத்தை நான் பார்த்தேன். 2.21. அதன்பின் அந்த அறைக்குள் யாரும் போகவில்லை. அவர் எதிரேதான் நான் இருந்தேன், சத்தியம் செய்வேன்.

மூன்றாம் நாள் கடிதம் வந்தது. 3.05 வரை இருந்து முழு ஒத்துழைப்புத் தந்ததற்கு நன்றி என்றிருந்தது. கூடவே பேனாவால் எழுதி அனுப்பிய வாக்குமூலத்தின் நகல், பதினொரு பக்கம். அடியில் மாப்பிள்ளையின் கையெழுத்து. 'குழிக்குள் நான் இறங்கவே இல்லை' என்று ஆரம்பித்திருந்தது. லைசென்ஸ் அன்றைக்கே போயிற்று.

இரண்டாம் பக்கத்திலிருந்து எழுத்து வேறு. 'பெட்டி வந்தது 11.20. நான் 12.05 வரை இருந்தேன். கூப்பிட்டேன்.' போன் எங்கே விழுந்தது என்பதும் எழுதியிருந்தது... குழியில், ஸ்பிரிங்குக்கு அடியில், எண்ணெய்க்குள்.

இறங்கிப் பார்த்தார்கள். இருந்தது.

அந்தப் போனிலிருந்து போன அழைப்புகளை எடுத்தார்கள். 11.26-லிருந்து ஆறு. கடைசி 12.04. ஆறும், குழிச் சுவரில் ஒட்டியிருந்த சான்றிதழில் அச்சாகியிருந்த பரிசோதகர் எண்ணுக்கு. மாப்பிள்ளைக்கு அந்தக் காலை நினைவிருக்கிறது. டேப்லெட்டில் வேறொரு கட்டிடத்தின் அறிக்கைக்குத் தேதி மாற்றிக்கொண்டிருந்தார். போனுக்கு வரும் அழைப்பு அதிலும் வரும். யாரோ தெரியாதவர் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுத் திரையை மறைத்தார்.

ஆறு தடவையும் விரலால் தள்ளிவிட்டாராம்.