ஏசினவளைத் தேடி வந்த தெய்வம்

வவுணதீவுக்கு மேற்கே, வயல் வட்டைகளுக்கு நடுவில் இருந்த அந்தச் சின்ன ஊரில், கோயில் தெய்வமான அம்மாளை மங்கையற்கரசி ஏசிய ஏச்சு எல்லாருக்கும் தெரியும். தொண்ணூறாம் ஆண்டு ஆவணியில் அவள் புருஷன் நல்லரத்தினம் தயிர்ச் சட்டிகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வாவிக்கு அந்தப் பக்கம் போனான். அவனும் வரவில்லை, சைக்கிளும் வரவில்லை. இராணுவ முகாம் முகாமாக ஏறி இறங்கினாள். அப்படி ஒரு ஆள் இங்கே இல்லை என்று ஒவ்வொரு வாசலிலும் ஒரே பதிலைச் சொன்னார்கள்.

ஒருநாள் உச்சி வெயிலில் தலையை விரித்துப் போட்டபடி கோயிலுக்குள் போய், மூடியிருந்த கதவின் முன்னால் நின்று கத்தினாள். "உனக்குக் கண் இருக்காடி? வருஷம் வருஷம் பொங்கிப் படைச்சமே, அதெல்லாம் ஆருக்கு? நீயும் ஒரு பொம்பிளையா?" அதற்குப் பிறகு சொன்னவை எழுதக்கூடியவை அல்ல. ஒரு வருஷத்துக்கு மேல் அந்தக் கோயில் பக்கம் அவள் எட்டியும் பார்க்கவில்லை.

தொண்ணூற்றிரண்டு வைகாசியில், ஓடிப்போன சனம் பாதியாவது திரும்பியதால், கோயிலின் வருஷச் சடங்கு மறுபடி நடந்தது. அவளுடைய பெண்பிள்ளைகள் இரண்டு பேரும் அழுது அடம்பிடித்ததால் அவர்களைக் கூட்டிப்போனாள். அவள் உள்ளே போகவில்லை, வேலியோடு நின்றுகொண்டாள். உடுக்கு அடிக்கத் தொடங்கியதும் உள்ளங்காலில் ஒரு நடுக்கம் பிடித்தது. பல்லைக் கடித்தாள், வேலிக் கம்பைப் பிடித்தாள். பிறகு அவளுக்கு நினைவு வந்தபோது கதவின் முன்னால் நனைந்துபோய்க் கிடந்தாள். உடம்பெல்லாம் மஞ்சள் தண்ணீர். யாரோ ஒரு கிழவர் அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் கோயில் வண்ணக்கர் விநாயகமூர்த்தி வீடு தேடி வந்துவிட்டார். கோயில் நிர்வாகம் அவர் கையில். வெள்ளைச் சால்வை போட்டு, உத்தரவு போடும் குரலில் பேசுகிறவர்.

"அம்மாள் உன்னப் பிடிச்சிட்டா புள்ள. பழைய தெய்வக்காரி ஊர விட்டுப் போயிட்டா. வெள்ளிக்கிழமையில வாக்குக் கேட்டு வாற சனம் சும்மா திரும்பிப் போகுது. அவட இடத்தில நீ நிக்கத்தான் வேணும்."

"எனக்கு ஏலாது."

"ஏன் ஏலாது?"

"படிப்பில்ல. மந்திரம் தெரியாது. ரெண்டு குமர்ப் பிள்ளை வளருது. ஆமிக்காரன் வாசல் வாசலாப் பாக்கிறான். நான் புருஷன் உள்ளவளோ இல்லாதவளோ எண்டு எனக்கே தெரியா. என்னைப் போல ஒருத்திய ஆர் அந்த வாசல்ல ஏத்துவாங்க?"

"அதெல்லாம் அவ பாத்துக்கொள்ளுவா."

"அவ பாத்தது எனக்குத் தெரியும். எழும்பிப் போங்க."

வண்ணக்கரை எழும்பிப் போகச் சொன்னவர்கள் அந்த ஊரில் அதற்கு முன் இல்லை. முகம் கறுக்க எழும்பிப் போய்விட்டார்.

அவரிடம் சொன்ன காரணங்கள் எல்லாம் உண்மைதான். ஆனால் அடியில் கிடந்ததை அவள் சொல்லவில்லை. நல்லரத்தினத்தைத் தேடிய நாட்களில் ஆறு கோயில்களில் வாக்குக் கேட்டிருக்கிறாள். ஆறிலும் உயிரோடு இருக்கிறான் என்றார்கள். ஒருத்தி தெற்கே சிறையில் என்றாள். இன்னொருத்தி மாசிக்குள் வந்துவிடுவான் என்றாள். அந்த மாசி முழுதும் பானையில் அவனுக்கும் சேர்த்து அரிசி போட்டாள் மங்கையற்கரசி. பிறகு அந்தச் சோற்றை நாய்க்குக் கொட்டினாள். அப்படி ஒரு பொய்யைச் சொல்லத் தன் வாயும் கிடைத்துவிடுமோ? ஆடுவது அம்மாளா, தன் பைத்தியமா? இதை யாரிடம் கேட்பது?

ஆனால் வெள்ளிக்கிழமை வந்தால் நடுக்கமும் வந்தது. அரிசி புடைக்கும்போது சுளகு கையை விட்டுப் பறந்தது. கடைசியில் ஒரு பேரம் பேசினாள். விடியற்காலையில் போய்க் கோயில் வீதியைக் கூட்டினாள். "இவ்வளவுதான் என்னால ஏலும். இதோட என்னை விட்டிரு" என்று மூடிய கதவைப் பார்த்துச் சொன்னாள்.

ஆடி மாதத்து வெள்ளி ஒன்றில், அவள் கூட்டி முடித்த நேரம், கிரானிலிருந்து சீதேவி என்றொரு பெண் வந்தாள். நடந்தும் சைக்கிளில் தொற்றியும் வந்தவள். கையில் பொலித்தீன் பையில் சுற்றிய படம். பத்தொன்பது வயது மகன் குணநாயகம். ஆமி ஊரைச் சுற்றிவளைத்து அவனை ஏற்றிக்கொண்டு போய் இரண்டு வருஷம்.

"தெய்வக்காரி ஆரு? கூப்பிடுங்கோ" என்றாள்.

"ஒருத்தரும் இல்ல. போங்க."

"எல்லாரும் இருக்கான் எண்டுதான் சொல்றாங்க. காதுத் தோட்டையும் வித்திட்டன். காசு வாங்கிக்கொண்டு முகாமில காட்டுறன் எண்டவனும் ஓடிட்டான். எனக்கு ஒரு சொல்லு வேணும்."

மங்கையற்கரசிக்குக் கோபம் தலைக்கேறியது. அந்தப் பெண்மேல் அல்ல. இருக்கிறான், இருக்கிறான் என்று சொல்லி அனுப்பிய அத்தனை வாய்கள்மேலும், கதவுக்குப் பின்னால் பேசாமல் இருந்தவள்மேலும். விளக்குமாற்றை எறிந்துவிட்டு வேப்பமரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். உடுக்கு இல்லை, பறை இல்லை, ஆனாலும் நடுக்கம் ஏறியது. "என்ர வாய் வேணாம். நான் உன்னை ஏசினவ. வேற ஆளைப் பாரு" என்று பல்லுக்குள் சொன்னாள். நடுக்கம் நிற்கவில்லை. தன்னைத் தேடி வந்த தெய்வம், தான் ஏசியதைக் கேட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறது என்று அப்போது அவளுக்கு விளங்கியது. கேட்டும் வந்திருக்கிறது. இனி என்ன சாட்டுச் சொல்ல முடியும்? மரத்தை விட்டாள்.

"அவன் இல்ல" என்றாள். குரல் அவளுடையதுதான், ஆனால் அவள் நினைத்த சொல் அல்ல. "மூணாம் நாளே முடிஞ்சிட்டு. தண்ணி கேட்டான். உன்ர பேரைச் சொன்னான். இனித் தேடாத மகளே. அவனுக்குச் சோறு வைச்சு அனுப்பு. செய்தவனை நான் விடமாட்டன்."

சீதேவி பாய்ந்து வந்து அவள் கன்னத்தில் அறைந்தாள். ஒன்றல்ல, மூன்று நான்கு அறை. மங்கையற்கரசி கையைத் தூக்கித் தடுக்கவில்லை. பிறகு அந்தப் பெண் மண்ணில் விழுந்து ஒப்பாரி வைத்தாள். இரண்டு வருஷமாக அழாமல் வைத்திருந்த அழுகை. பக்கத்து வீட்டு வளவுகளில் இருந்தவர்கள் ஓடி வந்தார்கள். மங்கையற்கரசி அவள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, வெயில் சாயும் வரைக்கும் இருந்தாள்.

பதினைந்து நாளில் சீதேவி திரும்பி வந்தாள். மகனுக்குச் செய்யவேண்டியதைச் செய்துவிட்டதாகச் சொன்னாள். "ராவில நித்திரை வருது" என்றாள். அன்று வீட்டுக்குப் போன மங்கையற்கரசி, பிள்ளைகள் இரண்டு பேரையும் முன்னால் இருத்தி, "அப்பா இனி வரமாட்டார்" என்றாள். அதைச் சொல்ல அவளுக்கு யாருடைய வாக்கும் தேவைப்படவில்லை.

அதன் பிறகு பதினான்கு வருஷம் வெள்ளிக்கிழமைகளில் நின்றாள். சனம் களுவாஞ்சிக்குடியிலிருந்தும் வந்தது. ஏறாவூரிலிருந்து ஆமினா உம்மா என்றொருத்தி வந்து, வீதியோரத்தில் நின்றபடியே காணாமற்போன மருமகனைப் பற்றிக் கேட்டாள். அவளுக்கும் உண்மையைத்தான் சொன்னாள். சில நாள் வாயில் ஒன்றும் வராது. "இண்டைக்கு எனக்குத் தெரியல்ல, போயிட்டு வாங்க" என்று சொல்லிவிடுவாள். அதற்காக வண்ணக்கர் கோபித்தால், "தெரியாததை நான் சொல்லமாட்டன், நீங்க வேணுமெண்டா நிண்டு சொல்லுங்க" என்பாள்.

முகாமுக்கு ஒருமுறை கூப்பிட்டு, ஆமியைப் பற்றிச் சனத்துக்கு என்ன சொல்லிக் கொடுக்கிறாய் என்று நாள் முழுக்க இருத்தி வைத்தார்கள். பிறகு ஒரு தாயின் பெண்பிள்ளையை ஆமியோடு போரிட்ட இயக்கம் கொண்டுபோனபோது, கொண்டுபோனவர்கள் யார் என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னாள். மறுநாள் இயக்கத்து இளைஞர்கள் இரண்டு பேர் துவக்கைத் தோளில் மாட்டியபடி வாசலில் வந்து நின்றார்கள்.

"அக்கா, இனி இந்தக் கதையெல்லாம் வேணாம்" என்றான் ஒருவன்.

"எனக்கும் வேணாம் எண்டுதான் ரெண்டு மாசம் சொன்னன்" என்றாள். "அவ கேக்கல்ல. கோயில் வாசல் திறந்துதான் கிடக்கு, நீங்க போய்ச் சொல்லிப் பாருங்க."

அவளுக்கு அப்போதும் பயம்தான். அவர்கள் திரும்பிப் போனார்கள். கோயில் பக்கம் போகவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அந்தப் பெண்பிள்ளையின் தாய் மறுபடி வந்தாள். மங்கையற்கரசி தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வாக்குச் சொல்ல நின்றாள்.